அறுபத்தொரு அழைப்புகள்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வரலாற்றுத் துறை என்று முகவரியில் போட்டால் எப்படியும் உங்கள் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் யாரோ பைத்தியம் என்று வைத்துவிடுவீர்கள்.

போன வாரம் உங்கள் மாணவி ஒருத்தி கண் பரிசோதனைக்கு வந்தாள். முறை வரும்வரை செல்போனில் உங்கள் வகுப்பை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். ஓடவிட்டாள் என்றால் நிஜமாகவே ஓடவிட்டாள், இரட்டை வேகத்தில். "ஏம்மா, வாத்தியாரை இந்த ஓட்டம் ஓட்டறியே?" என்று கேட்டேன். "மெதுவா விட்டா தூக்கம் வருது ஆன்ட்டி" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல பெண்.

சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் அது காதில் விழுந்தது. ஐம்பத்தோரு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளம். அணையைத் திறந்துவிட்ட பிற்பகலில் தொலைபேசி நிலையத்தில் தனியாக உட்கார்ந்து, ஊரில் ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு எச்சரித்த ஆபரேட்டர். முழங்கால்வரை தண்ணீர் ஏறிய பிறகு அவர் கடைசியாகக் கூப்பிட்டது, தன் வீட்டுக்குக் கீழே இருந்த தையற்கடையை. 'மேலே என் பொண்ணு தனியா இருக்கா, மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.' அதற்கப்புறம்தான் காதிலிருந்து கருவியைக் கழற்றினார் என்று சொன்னீர்கள்.

அந்த ஆபரேட்டர் என் அம்மா. மாடியில் தனியாக இருந்த பொண்ணு நான். அப்போது எனக்கு ஆறு வயது.

அந்தப் பெண்ணிடம் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னேன், சாதாரண வேகத்தில். அவள் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஊரே கொண்டாடிய என் அம்மாவை நான் மன்னிக்கவே இல்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஊரையெல்லாம் கூப்பிட்டவளுக்கு என் நினைப்பு வரவில்லையே என்பதுதான் என் ஆறாத ஆற்றாமை. பதினெட்டு வயதில் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அன்னிக்கு என்னை நினைச்சியா?" "வேலை இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில். நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், என்னைக் கூப்பிட்டாள் என்று. எங்கே கிடைத்தது இந்தத் தகவல்? ஏதாவது காகிதம் இருந்தால் ஒரு நகல் அனுப்புவீர்களா? பெட்டியில் கிடந்த அம்மாவின் படத்தை நேற்று சுவரில் மாட்டினேன்.

நன்றியுடன்,
ஆபரேட்டரின் மகள்

—

ஜனவரி 20

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இப்படியொரு கடிதம் வந்ததில்லை. தங்கள் தாயாரின் பணி உணர்வு இன்றைய தலைமுறைக்குப் பெரும் பாடம்.

வகுப்பறையில் கேமரா வைத்த பிறகு என் குரல் எங்கெல்லாம் போகிறது என்று எனக்கே தெரிவதில்லை. முன்பெல்லாம் மணி அடித்ததும் சொன்னது காற்றோடு போய்விடும். இப்போது கண்ணாடிக் கடைவரை வருகிறது. இரட்டை வேகம் பற்றிய தங்கள் தகவலை என் மனைவியிடம் சொன்னேன். "வீட்டுலயும் அந்த வசதி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

தாங்கள் கேட்ட ஆதாரத்தைப் பொறுத்தவரை, வகுப்புரை பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டது. அண்மையில் வீடு மாறியதால் குறிப்புகள் பெட்டிகளில் உள்ளன. தேடிப் பார்க்க அவகாசம் வேண்டும். இப்போதைக்கு அன்றைய செய்தித்தாளில் வந்த ஒரு பத்தியின் நகலை இணைத்துள்ளேன். தங்களைக் கீழ்க்கடைத் தையற்காரர் காப்பாற்றியதும் இதில் உள்ளது.

தங்கள்,
வரலாற்றுப் பேராசிரியர்

—

பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சாருக்கு,

பத்தி கிடைத்தது. அதில் அழைப்பைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் தையற்காரர் இருக்கிறார். அதைப் பார்த்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. இத்தனை வருடம் அவர் தானாக வந்தார் என்று நினைத்திருந்தேன். யாரோ சொல்லாமல் அந்த மனிதர் எதற்குக் கடையை விட்டுவிட்டு மேலே ஏறி வரவேண்டும்? எங்கள் வீட்டில் போன் கிடையாது, அவர் கடையில் அப்போதே இருந்தது. கறுப்பு போன், துணி அளக்கும் நாடாவை அதன் மேல்தான் போட்டுவைப்பார்.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒரு விஷயம். ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் சங்கத்தின் அரங்கில் அம்மா படத்தைத் திறக்கிறார்கள், மார்ச் 15. நான்கு வருடமாக அவர்களுடைய ஆண்டு விழாவில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள், நான்கு வருடமாக எனக்குக் கடையில் வேலை இருக்கிறது. இந்தத் தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன அந்தக் கடைசி அழைப்பைத்தான் பேசப்போகிறேன். எழுதி எழுதிப் பார்க்கிறேன். மேடையில் என்னிடம் ஒரு காகிதம் இருந்தால் தெம்பாக இருக்கும். அதற்குள் பெட்டி கிடைத்துவிடும் அல்லவா?

தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறேன். உங்களால் வந்தது சார் இது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஆபரேட்டரின் மகள்

—

பிப்ரவரி 11

அம்மா,

இதைக் கையால் எழுதுகிறேன். போன கடிதத்தைக் கணினியில் அடித்தேன். அதில் எத்தனை முறை உண்மையை எழுதி அழித்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அழித்தால் தடமே இருக்காது, அதுதான் அதில் சௌகரியம். இந்தத் தாளில் கோடு போட்டு அடித்ததெல்லாம் அப்படியே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எதுவும் இல்லை. நாங்கள் வீடு மாறி ஒன்பது வருடம் ஆகிறது. அந்த அழைப்புக்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை நான்தான் உண்டாக்கினேன்.

எப்படி என்று சொல்கிறேன், சாக்காக அல்ல. பதினான்கு வருடத்துக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேர் கண் திறந்தபடியே தூங்கினார்கள். உங்களுக்கு அனுப்பிய அந்தப் பத்தி கையில் இருந்தது. ஆபரேட்டர், மகள், கீழ்க்கடைத் தையற்காரர். "அவங்க தன் வீட்டுக்கும் போன் பண்ணியிருப்பாங்களா? யோசிங்க" என்று கேள்வியாகத்தான் கேட்டேன். நான்கைந்து தலை நிமிர்ந்தது. அடுத்த வருடம், "பண்ணியிருக்கணும்" என்றேன். அதற்கடுத்த வருடம், "பண்ணாங்க". என்ன பேசினார்கள் என்பதையும் சேர்த்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு நான் பெரிய ஆசிரியர் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

பிறகு கேமரா வந்தது. என் பதிவை நானே பார்த்தேன். என் குரலில், திரையின் கீழே எழுத்தும் ஓட, அவ்வளவு உறுதியாக ஒருவர் சொல்லும்போது எனக்கே சந்தேகம் வரவில்லை. இப்போது ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்புப் பதிவுகளை எழுத்தாக மாற்ற ஒரு செயலி இருக்கிறது. அது தந்ததைத் திருத்தித்தான் பாதி அத்தியாயங்கள். உங்கள் அம்மாவைப் பற்றிய இடத்தில் அடிக்குறிப்பைப் பார்த்தேன். 'காண்க: ஆசிரியரின் வகுப்புரை' என்று இருக்கிறது. என் பொய்க்கு என்னையே சாட்சியாகப் போட்டிருக்கிறேன். மாணவன் யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

முதல் கடிதத்துக்கே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் படத்தை மாட்டியதைப் படித்ததும் கை வரவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் அம்மா, வேறொன்றும் இல்லை.

மேடையில் அதைச் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன், கிடைக்கும் என்று எதிர்பார்த்து அல்ல.

வரலாற்றுப் பேராசிரியர்

—

பிப்ரவரி 16

பேராசிரியருக்கு,

என் கடையில் தினமும் பார்க்கிறேன். எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் வெட்கம். உத்தேசமாகப் படிப்பார்கள். அதை நம்பி நான் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் தலைவலி அவர்களுக்குத்தான் வரும். நீங்கள் உத்தேசமாகப் படித்ததற்குத் தலைவலி எனக்கு வந்திருக்கிறது.

உங்கள் வகுப்பில் நாலு பேர் தூங்காமல் இருக்க என் அம்மா தேவைப்பட்டாளா? கண்ணைத் துடைத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் அழுகை. எனக்கு? ஒரு மாதம் தினமும் நின்று பேசினேன் ஐயா, சுவரைப் பார்த்து. 'சாரி' என்றுகூடச் சொன்னேன். அம்பத்தேழு வயதில், பல் விளக்கிவிட்டு வந்து நின்று.

படத்தைக் கழற்றவில்லை. கழற்றக் கை நீண்டது, பிறகு அதற்கும் தெம்பில்லை. இனிமேல் எழுதாதீர்கள்.

—

பிப்ரவரி 27

அம்மா,

எழுதாதீர்கள் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதோடு இருக்கும் காகிதங்களை உங்களிடம் சேர்க்காமல் இருப்பது இன்னொரு தப்பாகிவிடும்.

திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். கேமராவை அணைக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், ஓடட்டும் என்று விட்டேன். யாரும் தூங்கவில்லை. ஒரு மாணவன் எழுந்து, "அப்ப மத்ததெல்லாம் நிஜமா சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "எனக்கும் தெரியல, ஒவ்வொண்ணா சரிபார்க்கறேன்" என்றேன். முப்பது வருட வகுப்புகள், பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவை எடுத்துவிட்டார்கள். ஆனால் யார் யார் செல்போனில் இருக்கிறதோ, அதை எப்படித் திரும்பப் பெறுவது?

பிறகு, பதினான்கு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். தொலைபேசித் துறையின் பழைய ஆவண அறை, கல்லூரியிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஒரு நாள்கூடப் போனதில்லை நான். இரண்டு நாள் தேடினேன். அவசரகாலத்தில் இணைக்கும் ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர் நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்திருக்கிறது. உங்கள் அம்மா எழுதியிருக்கிறார், பென்சிலில். பக்கத்தின் கீழ்ப்பாதி தண்ணீரில் ஊறிக் காய்ந்தது, ஆனால் படிக்க முடிகிறது.

1.50 முதல் 5.05 வரை அறுபத்தொரு அழைப்புகள். மருத்துவமனை, இரண்டு பள்ளிக்கூடங்கள், ஆற்றோரத்து அரிசி மில், அப்புறம் ஒவ்வொரு வீடாக. நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். அன்றைய தொலைபேசிப் புத்தகத்தில் தையற்கடையின் எண்ணைப் பார்த்து, வரிவரியாக மூன்று முறை ஒப்பிட்டேன். இல்லை. அறுபத்தொன்றில் உங்கள் வீடு இல்லை.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இனி உங்களிடம் உள்ளதை உள்ளபடி மட்டும்தான் சொல்வேன். எழுதாத அழைப்பு ஒன்று இருந்திருக்கலாமே என்று பேனா போகிறது, பிடித்து நிறுத்துகிறேன்.

வரலாற்றுப் பேராசிரியர்

—

மார்ச் 18

சாருக்கு,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து படித்தேன். அம்மாவின் எண்கள். நான்கு எழுதினால் எப்போதும் மேலே மூடிவிடுவாள், ஒன்பதா நான்கா என்று பால்காரரோடு சண்டை வரும். ஐம்பதாவது அழைப்புக்கு மேல் கோடுகள் மேலும் கீழும் போகின்றன. தண்ணீரில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறாள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்தது.

அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் பதினான்கு வருடம் ஆவண அறைக்குப் போகவில்லை, சரி. நான் எங்கே போனேன்? தையற்காரர் உயிரோடுதான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, மகள் வீட்டில் இருக்கிறார், ரயிலில் மூன்று மணி நேரம். ஐம்பத்தோரு வருடமாக அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். அம்மா என்னை மறந்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், அதற்கு ஆதாரம் தேடவே இல்லை.

மார்ச் 12 அன்று போனேன். என்னைப் பார்த்ததும், "வா வா, மாடிவீட்டுப் பொண்ணு" என்றார். கண்ணாடி மூக்கில் சரிந்து கிடந்தது. முதலில் அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் பேசினேன்.

"அம்மா உங்களுக்கு அன்னிக்கு போன் பண்ணாங்களா?"

"போனா? காலையில மழை பிடிச்சதுமே லைன் செத்துப்போச்சேம்மா. உங்கம்மாவுக்கும் தெரியும், மதியத்துக்கு மேல சரி பண்ண ஆள் அனுப்பறேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க."

"அப்ப நீங்க எப்படி மேல வந்தீங்க?"

"நீ கத்தின கத்துக்குத் தெருவே வந்திருக்கும், தண்ணி மட்டும் இல்லைன்னா."

அவ்வளவுதான் சார். கூப்பிடவும் இல்லை, கூப்பிட வழியும் இல்லை. செத்துப்போன லைன் என்று தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்ப எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ கேக்கறதால சொல்றேன். சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா வாங்கின சத்தியம். அவங்களும் போயிட்டாங்க, இனிமே என்ன."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"மழை எப்பவோ விட்டுடுச்சு. பொழுது சாயற நேரம், தண்ணி வடிய ஆரம்பிச்சதும் உங்கம்மா வந்தாங்க. இடுப்பு வரைக்கும் சேறு. நான் மாடியிலேர்ந்து பார்த்தேன், ஓடிவருவாங்கன்னு நினைச்சேன். வரல. கீழேர்ந்து மூணாவது படியில உக்காந்துட்டாங்க. நான் எறங்கிப் போய், 'என்னக்கா, மேல வாங்க'ன்னேன். 'தம்பி, முதல்ல நீங்க சொல்லிடுங்க. இருக்காளா?'ன்னாங்க. 'இருக்கா, தூங்கறா'ன்னேன். நம்பல. 'இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க'ன்னாங்க. போனேன், வந்தேன், சொன்னேன். அப்பவும் எழுந்திருக்கல. கால் வரல அவங்களுக்கு. மூணாந்தடவை உன் தலையிலேர்ந்து ரிப்பனை அவுத்து எடுத்துட்டு வந்து கையில கொடுத்தேன். தடவித் தடவிப் பாத்தாங்க. காஞ்சிருக்குன்னாங்க. அப்புறம்தான் ஏறினாங்க."

ஏன் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள் என்று கேட்டேன். "'நான் பயந்தது அவளுக்குத் தெரிய வேணாம், அப்புறம் என்னை வேலைக்கு விடமாட்டா'ன்னாங்க" என்றார்.

ரயிலில் மூன்று மணி நேரமும் அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பதினெட்டு வயதில் நான் கேட்டபோது, வேலை இருந்துச்சு என்பதற்குப் பதில், பயந்துட்டேன்டி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எத்தனை வருடம் மிச்சமாகியிருக்கும் எங்களுக்கு. இருந்தாலும் அந்தக் கோபம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளோடு சண்டை போடுவது போல இருக்கிறது.

15ஆம் தேதி பேசினேன். மேடையில் உங்கள் பட்டியலைத்தான் வாசித்தேன், நேரம், எண், நேரம், எண். பாதிக்கு மேல் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அது எங்க வீட்டு நம்பர்" என்றார். அப்புறம் இன்னொருவர். முடிந்ததும், எங்கள் வீடு இதில் இல்லை என்பதையும் சொன்னேன். படியைப் பற்றிச் சொல்லவில்லை.

உங்கள் புத்தகத்தில் எழுதுவதானால் எழுதுங்கள். ஒரே சாட்சி, எழுபத்தெட்டு வயது, என் மேல் பிரியம் உள்ளவர். எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். ரிப்பன் இப்போது யாரிடமும் இல்லை. தையற்காரர் சொன்னார் என்று போடுங்கள். அம்மா அழுதாளா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். இருட்டிவிட்டது, தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அப்படியே எழுதுங்கள்.

ஆபரேட்டரின் மகள்